எங்கள் இதழின் வரம்புக்கு உட்பட்டதன்று

கல்வியியலுக்கும் வானியலுக்கும் நடுவே நின்ற எங்கள் ஆய்வுக்கட்டுரை ஒருவழியாக ஏற்கப்பட்டதாகச் சென்ற வாரம் கடிதம் வந்தது. முதன்முதலாக அனுப்பிய நாளிலிருந்து எண்ணினால் 22 மாதங்கள். அவற்றில் அறிவியலுக்காக நாங்கள் உழைத்தது நான்கு மாதங்கள்கூட இராது. எஞ்சிய காலம் முழுவதும் "இது எங்களுடையதன்று, அங்கே போங்கள்" என்றவர்களுக்கும் எங்கள் சொந்த அறியாமைக்குமாகப் பங்கிடப்பட்டது. கட்டுரை அனுப்பும் வழக்கமான நடைமுறையை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆகவே, சரியாக நடந்தவற்றை விட்டுவிட்டுத் தவறாக நடந்தவற்றையே சொல்லப்போகிறேன்.

ஆய்வு எளியது. டெல்ட்டா செஃபை என்னும் மாறும் விண்மீன் 5.366 நாள்களுக்கு ஒருமுறை ஏறக்குறைய 3.5 முதல் 4.4 வரையிலான ஒளிப்பொலிவெண்களுக்கிடையே (எண் கூடினால் ஒளி குறைவு) மங்கிப் பொலிகிறது. வெறுங்கண்ணுக்கே தெரியும் இந்த மாற்றத்தை, அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு மாணவர்களே மதிப்பிட்டு வரைபடம் வரைந்தால், அதே செய்தியை விரிவுரையாகக் கேட்டவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்களா என்பதுதான் கேள்வி. நான் இயற்பியல் பின்னணியிலிருந்து வந்தவன். உடன் எழுதியவர் கல்வியியல் ஆய்வாளர்.

முதல் அடி, கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே விழுந்தது. விண்மீன்களிடம் யாரும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்குவதில்லை என்பதால், மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு பருவம் முழுவதும் தேர்வுத் தாள்களைத் திரட்டிவிட்டுத்தான் விண்ணப்பித்தேன். நடந்து முடிந்த தரவுத் திரட்டலுக்குப் பின்தேதியிட்டு அனுமதி வழங்க முடியாது என்று குழு மறுத்துவிட்டது. அது சரியான முடிவே. ஆனால் அந்தப் பருவத்தின் தாள்களில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை.

அடுத்த பருவத்திற்கான விண்ணப்பம் மூன்று முறை திரும்பியது. படிவமே மருத்துவ ஆய்வுகளை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. "மருந்தின் அளவும் அது செலுத்தப்படும் முறையும்" என்ற கட்டத்தை நான் வெறுமையாக விட்டதால், முழுமையற்ற விண்ணப்பம் என்று திருப்பினார்கள். அடுத்த முறை அங்கே "மருந்து இல்லை" என்று எழுதினேன். அப்படியானால் மருந்தில்லாக் கட்டுப்பாட்டுக் குழு எது என்று ஒரு கேள்வி வந்தது. மூன்றாம் முறை நேரில் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, துறைத்தலைவரின் கையொப்பம் கடைசிப் பக்கத்தில் மட்டும் இருக்கிறது, மூன்றாம் பக்கத்திலும் வேண்டும் என்றார். துறைத்தலைவர் அன்று ஊரில் இல்லை. மூன்றாம் பக்கத்திலும் வேண்டும் என்பது படிவத்தில் எங்கும் அச்சிடப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியபோது, "எல்லோருக்கும் தெரியும்" என்ற பதிலே கிடைத்தது. பின்னர் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பொருந்தாத கட்டங்கள் அனைத்திலும் "பொருந்தாது" என்ற ஒற்றைச் சொல்லை எழுதுங்கள், எந்த விளக்கமும் சேர்க்காதீர்கள். அனுமதி எண் கைக்கு வந்ததும் அதைப் பத்திரப்படுத்துங்கள்; பின்னால் அதைக் கேட்காத இதழ் இல்லை.

ஆய்வு நடந்தது, கட்டுரை எழுதப்பட்டது. கல்வியியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். இரண்டே நாளில் பதில்: "எங்கள் இதழின் வரம்புக்கு உட்பட்டதன்று, வானியல் இதழ் ஒன்றை அணுகவும்." வானியல் இதழ் ஐந்து வாரம் வைத்திருந்துவிட்டு, கல்வியியல் இதழை அணுகச் சொன்னது. இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பெயர்களை மாற்றிவிட்டால் ஒன்று மற்றொன்றின் நகல் போலவே இருந்தது. மதிப்பாய்வாளர் எவரும் கட்டுரையைப் படிக்கவே இல்லை என்பதுதான் உறுத்தியது.

மனம் சோர்ந்திருந்த அந்த நேரத்தில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. நான் பேராசிரியர் அல்லேன். ஆனால் "பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று தொடங்கி, கற்பித்தல் முறைகள் முதல் வானியல் வரை அனைத்துத் துறைக் கட்டுரைகளையும் வரவேற்பதாகச் சொன்னது. நடப்பு இதழின் பொருளடக்கத்தில் மீன் வளர்ப்பு, கற்காரையின் வலிமை, இடைக்கால இலக்கணம், விண்மீன் கூட்டங்கள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அடுத்தடுத்து நின்றன. அதைக் கண்டு ஐயப்பட்டிருக்க வேண்டியவன், நம் கட்டுரைக்கும் ஓர் இடம் உண்டு என்று மகிழ்ந்தேன். அனுப்பிய நான்காம் நாள் ஏற்புக் கடிதம் வந்தது. மதிப்பாய்வுக் குறிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. கட்டணப் பட்டியல் மட்டும் தவறாமல் இணைக்கப்பட்டிருந்தது. உடன் எழுதியவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அட்டவணை 2 இல் கூட்டுத்தொகை தவறாக இருக்கிறதே, அதைக்கூட எவரும் கவனிக்கவில்லையா?"

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதினோம். திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் உண்டு என்றார்கள். பதிப்புரிமை மாற்றப் படிவத்தில் நாங்கள் இன்னும் கையொப்பமிடவில்லை என்பதுதான் எங்களைக் காத்தது. அதைச் சுட்டி, வெளியிட அனுமதி இல்லை என்று தேதியிட்டு எழுதி, பதிலுக்காக மூன்று மாதம் காத்திருந்தோம். அவர்கள் எழுத்தில் விடுவிக்கும் வரை வேறெங்கும் அனுப்ப இயலவில்லை. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களில் வைப்பது எங்கள் பக்கக் குற்றமாகிவிடும்.

இதில் இருந்து ஒரு தவறான முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பல துறைகளையும் ஏற்கும் இதழ் என்பதாலேயே அது போலி ஆகிவிடாது. 2006 இல் தொடங்கிய பிளோஸ் ஒன், 2011 இல் தொடங்கிய சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் போன்றவை மிகப் பரந்த வரம்புடையவை. ஆனால் ஒவ்வொரு கட்டுரையையும் அத்துறை அறிந்த ஓர் ஆசிரியர் கையாள்கிறார், ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் யார் என்பதும் தெரிகிறது. இதழின் முகப்பில் ஒட்டப்பட்டிருக்கும் முத்திரைகளை நம்பாதீர்கள். எவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்க இதழ்களைப் பட்டியலிட்டு 2003 முதல் இயங்கும் திறந்த அணுக்க இதழ்களின் கோவைக்கு (DOAJ) நீங்களே சென்று இதழின் பெயரைத் தேடுங்கள். வெளியீட்டு நெறிமுறைக் குழு (COPE) என்ற அமைப்பின் உறுப்பினர் பட்டியலையும் அப்படியே பாருங்கள். ஐயத்துக்குரிய இதழ்கள் என்று நூலகர் ஜெஃப்ரி பீல் தொகுத்த பட்டியலைப் பலர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதை அவர் 2017 சனவரியிலேயே நீக்கிவிட்டார், ஆகவே இன்றைய நிலைக்கு அது சான்றாகாது. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் தாக்கக் காரணி என்று ஓர் எண் தரப்பட்டிருந்தால் அதைக் கணித்தவர் யார் என்று பாருங்கள். எங்களை அழைத்த இதழுக்கு அந்த எண்ணைத் தந்த அமைப்பின் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை.

நான்காம் முயற்சியில்தான் செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். இயற்பியல் கற்பித்தலுக்கென்றே உள்ள ஓர் இதழின் ஆசிரியருக்குக் கட்டுரையை அனுப்பாமல், ஒரு பத்தியில் சுருக்கத்தையும், இது உங்கள் வரம்புக்குள் வருமா என்ற நேரடிக் கேள்வியையும் மட்டும் எழுதினோம். மூன்றாம் நாள் "வரும், அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. முதலிலேயே இதைக் கேட்டிருந்தால் எத்தனை மாதம் மிஞ்சியிருக்கும் என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்து வயிறெரிந்தேன்.

அங்கேயும் கட்டுரை ஒருமுறை அலுவலக அளவிலேயே திரும்பியது. கல்வியியல் இதழ்கள் பலவற்றில் எழுதியவர் யார் என்பது மதிப்பாய்வாளருக்குத் தெரியக் கூடாது. வானியலில் அது நெடுங்காலம் மறைக்கப்படாமலே இருந்தது. ஹபிள் தொலைநோக்கியின் நேர ஒதுக்கீட்டிலேயே 2018 இல்தான் இருபுறமும் பெயர் மறைக்கும் முறை வந்தது. நாங்கள் பெயர்களை முதல் பக்கத்திலிருந்து நீக்கியிருந்தோம். "எங்கள் முந்தைய கட்டுரையில் காட்டியபடி" என்ற தொடர் நான்கு இடங்களில் அப்படியே கிடந்தது. கோப்பின் பண்புகளில் என் முழுப்பெயரும் இருந்தது.

மதிப்பாய்வாளர்கள் இருவர். ஒருவர் வானியலர், மற்றவர் கல்வியியலர் என்பது குறிப்புகளின் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் அட்டவணையில் "பிழை" என்ற தலைப்பின்கீழ் 0.2 என்று எழுதியிருந்தோம். வெறுங்கண் மதிப்பீட்டில் இருக்கும் ஐயப்பாட்டின் அளவு அது. வானியலர் அதைக் கடந்து போய்விட்டார். கல்வியியலரோ, ஒரு மாணவர் சராசரியாக 0.2 தவறுகள் மட்டுமே செய்திருந்தால் அவர்களுக்குக் கற்பிக்க என்ன மீதமிருக்கிறது என்று கேட்டிருந்தார். "மாறி" என்ற சொல்லிலும் அதே குழப்பம்: எங்கள் கட்டுரையில் மாறுவது விண்மீனா, ஆய்வில் நாங்கள் மாற்றிய கற்பித்தல் முறையா என்று சில பத்திகளில் எங்களுக்கே விளங்கவில்லை. மறுபுறம், இயற்பியல் கல்வி ஆய்வாளர் ஹேக் 1998 இல் பயன்படுத்திய இயல்பாக்கிய ஈட்டம் என்ன அளவு என்று வானியலர் கேட்டார். பின்தேர்வு மதிப்பெண்ணிலிருந்து முன்தேர்வு மதிப்பெண்ணைக் கழித்து, அதை, முன்தேர்வில் நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் குறைந்ததோ அந்த எண்ணால் வகுப்பது என்று ஒரே வாக்கியம் சேர்த்ததும் அது தீர்ந்தது. இரு துறைக்கும் பொதுவாகத் தோன்றும் சொற்களை முதல் இரண்டு பக்கத்துக்குள் வரையறுத்துவிடுங்கள், அவைதாம் ஏமாற்றும்.

என்னைத் தலைகுனிய வைத்த குறிப்பு வேறொன்று. மாணவர்கள் வரைந்த வரைபடங்கள் அனைத்திலும் விண்மீனின் உச்சப் பொலிவு, கணித்த நேரத்தைவிட ஏறக்குறைய அரை நாள் தாமதமாக வந்திருந்தது. தொடக்கநிலை உற்றுநோக்கர்கள் மாற்றத்தை உடனே உணர்வதில்லை, முந்தைய இரவின் மதிப்பு அவர்களை ஈர்க்கிறது என்று கற்றல் கோட்பாடுகளின் துணையோடு ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தோம். அப்பகுதியைக் கல்வியியலர் பாராட்டியும் இருந்தார். வானியலர் ஒரு வரியில் கேட்டார்: "ஜூலியன் நாள் நண்பகலில் தொடங்குகிறது என்பதைக் கணக்கில் கொண்டீர்களா?" ஜூலியன் நாள் என்பது வானியலர் நாள்களை இடைவிடாமல் எண்ணும் முறை. நாங்கள் அது நள்ளிரவில் தொடங்குவதாகக் கொண்டு பகுதி நாளைக் கூட்டியிருந்தோம். சரியாக 0.5 நாள், அதாவது அந்த விண்மீனின் ஒளிமாற்றச் சுழற்சியில் 0.09 பங்கு. திருத்திய மறுகணமே தாமதம் மறைந்தது. ஒன்றரைப் பக்க உளவியலும் அதோடு போயிற்று. உடன் எழுதியவருக்கு வானியல் கணக்கைச் சரிபார்க்கத் தெரியாது, எனக்கு அவருடைய கோட்பாட்டைக் கேள்வி கேட்கும் துணிவில்லை. நடுவில் அந்த அரை நாள் எவர் கண்ணிலும் படாமல் தப்பித்துக்கொண்டது. அதன்பின் ஒவ்வொருவரும் மற்றவருடைய பகுதியை அவர் எதிரில் அமர்ந்து வரிவரியாக வாய்விட்டு விளக்கிக் காட்டினோம். மேலும் இரண்டு சிறு தவறுகள் அகப்பட்டன.

மதிப்பாய்வாளர்கள் முரண்பட்ட இடமும் உண்டு. கோட்பாட்டுப் பின்னணியைப் பாதியாகக் குறைக்கும்படி ஒருவரும், இரு மடங்காக்கும்படி மற்றவரும் சொன்னார்கள். இருவரையும் நிறைவு செய்ய முயன்று இரண்டு வாரத்தைப் பாழாக்கிய பின், இரு குறிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எடுத்தெழுதி, எதைப் பின்பற்றட்டும் என்று இதழாசிரியரிடமே கேட்டோம். இப்போதிருக்கும் நீளமே போதும் என்றார் அவர்.

திறந்த விடைகளை வகைப்படுத்த இரண்டாம் ஆளை அமர்த்தி, இருவர் வகைப்படுத்தலும் எந்த அளவு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டும் கோஹனின் காப்பா மதிப்பைக் கணித்ததும், கோப்பை லேடெக்கிலிருந்து வேர்டுக்கு மாற்றியதும் உழைப்புதான். ஆனால் அவற்றில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. செய்தோம், முடிந்தது.

இறுதி மெய்ப்புடன் 11 கேள்விகள் வந்தன. பெரும்பாலானவை காற்புள்ளி, பக்க எண் பற்றியவை. ஏழாவது கேள்வி, "செஃபை, டி." என்ற ஆய்வாளர் கட்டுரையில் பதினான்கு இடங்களில் சுட்டப்படுகிறார், ஆனால் மேற்கோள் பட்டியலில் அவருடைய நூல் எதுவும் இல்லை, விவரம் தரவும் என்றது. அது விண்மீனின் பெயர், 1784 இல் ஜான் குட்ரிக் அதன் ஒளிமாற்றத்தைக் கண்டறிந்தார் என்று பதில் எழுதி, 48 மணி நேரக் கெடுவுக்குள் அனுப்பிவைத்தோம்.