பெட்டியில் வரும் மத்திக்கு ஊர் இல்லை

கிருஷ்ணகிரி மீன் சந்தையில் விடியற்காலை இறங்கும் ஐஸ் பெட்டியைக் காட்டி, "இது எந்தக் கடல் மத்தி?" என்று கேட்டால், "மெட்ராஸ் வண்டிங்க" என்றுதான் பதில் வரும். வியாபாரத்துக்கு அது போதும். மீன்வளக் கணக்கு எழுதுகிறவருக்குப் போதாது. மெட்ராஸ் வண்டியில் ஏறியது கடலூர் மீனாக இருக்கலாம், ஆந்திரக் கரை மீனாகவும் இருக்கலாம், ஒரே பெட்டியில் இரண்டும் கலந்தும் கிடக்கலாம். கரையைத் தாண்டி 250 கிலோமீட்டர் வருவதற்குள் மீனின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது, ஊர் கழன்றுவிடுகிறது.

அந்த ஊர்தான் முக்கியம். ஒரே இனமானாலும் கடலோர மீன்கள் பலவும் உள்ளூர்க் கூட்டங்களாகப் பிரிந்து வாழ்கின்றன. இரை தேடும் காலத்தில் ஒன்றாகத் திரியும். சினை விட மட்டும் தத்தம் இடத்துக்கு, தத்தம் பருவத்தில் பிரிந்து போகும். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதினால், மொத்தப் பிடிப்பு குறையாமலே ஒரு கூட்டம் காணாமல் போய்விடும்.

அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடா சாக்கை சால்மன் பற்றி 2010இல் வந்த ஆய்வு இதை எண்ணிலேயே காட்டியது. அங்கே ஆற்றுக்கு ஆறு தனிக் கூட்டம். எல்லாம் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் வரத்தின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்திருக்கும், மீன்பிடியை நிறுத்த வேண்டிய நிலை பத்து மடங்கு அடிக்கடி வந்திருக்கும். ஒன்று பொய்த்தாலும் மற்றது கைகொடுக்கும் என்று ராகியோடு அவரையும் துவரையும் சேர்த்து விதைக்கிற தருமபுரி மானாவாரிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்; மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அமல்படுத்த வசதியான தேதிகள். அவற்றுக்கு வெளியே சினை விடும் கூட்டத்துக்கு முட்டைக் காலத்தில் அந்தக் காவல் இல்லை. தடை வேண்டாம் என்பதல்ல, அது மட்டும் போதும் என்று நினைப்பதுதான் பிழை.

எந்த மீன் எந்தக் கூட்டம் என்று பிரித்தறியும் வேலை, சோதனைக்கு மாதிரி எடுக்கும்போதே கெடுகிறது. சந்தையில் எடுத்த மாதிரி இதற்கு உதவாது. சினைக்காலத்தில், சினை முற்றிய மீனில், பிடித்த இடம் தெரிந்து எடுக்க வேண்டும். மற்ற காலத்தில் எடுத்தால் கலப்புக் கூட்டம்தான் கையில் வரும். இடத்துக்கு 50 மீன், அதுவும் பல படகுகளில், பல நாட்களில். ஒரே வலையில் விழுந்த சிறு குஞ்சுகளில் உடன்பிறப்புகள் நிறைய இருக்கும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் எடுத்துப் பார்த்த பிறகே வேறுபாடு நிலையானதா என்று சொல்லலாம். டிஎன்ஏ சோதனைக்குத் துடுப்பு நுனியில் சுண்டுவிரல் நகத்தளவு வெட்டி, 95 சதவீத எத்தனாலில், துண்டைப் போல் பத்து மடங்கு அளவில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும். சீட்டு பென்சிலில் எழுதி குப்பிக்குள்ளேயே போக வேண்டும், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். மீனுக்கு மீன் கத்தியைத் துடைக்காவிட்டால் ஒன்றின் டிஎன்ஏ அடுத்ததில் ஒட்டும். ஃபார்மலின் பக்கமே போகக்கூடாது. அது டிஎன்ஏவைக் கெடுக்கும், கூட்டத்தை அறிய உதவும் செவிக்கல்லையும் (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு சுண்ணக்கல்) அரிக்கும். செவிக்கல்லைக் கழுவி உலர்த்தி வைத்தால் போதும்.

கடல் இல்லாத மாவட்டத்துக்கு இது எதற்கு என்றால், ஒகேனக்கல்லில் காவிரி ஓடுகிறது, கே.ஆர்.பி. அணையில் தென்பெண்ணை நிற்கிறது, இரண்டிலும் குஞ்சு விடுகிறோம். கட்லாவும் ரோகுவும் இந்த ஆறுகளின் சொந்த மீன் அல்ல. சொந்த மீனைப் பெருக்கும்போதுதான் கவனம் வேண்டும். திமில் மகசீர் என்ற பெரிய கெண்டை மீன் காவிரி ஆற்றமைப்புக்கே உரியது. பொரிப்பகத்தில் வளர்த்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகப் பெருக, திமில் மகசீர் அருகிப்போனது. அதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று அடையாளம் உறுதியானதே 2018இல்தான். அதற்குள் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அங்கே இரண்டும் வெவ்வேறு இனம், அதனால் கண்ணில் பட்டது. ஒரே இனத்தின் இரண்டு கூட்டங்கள் என்றால் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், யாருக்கும் தெரியாது.

பொரிப்பகத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆண் மீன் எண்ணிக்கையைப் பெண் மீன் எண்ணிக்கையால் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் வருவதுதான் பரம்பரைக் கணக்கில் உண்மையான எண்ணிக்கை. 10 பெண்ணுக்கு 2 ஆண் என்றால் 80ஐ 12ஆல் வகுக்க 6.7. அதே தொட்டியில் ஆறும் ஆறுமாக இருந்தால் 12. ஒரு கிலோ எடையுள்ள ரோகு இரண்டு லட்சம் முட்டைக்கு மேல் இடும், குஞ்சு இலக்கும் லட்சத்தில்தான் எண்ணப்படுகிறது. நாலு தாய்மீனோடு வேலையை முடித்துவிடும் ஆசை இங்கேதான் வருகிறது. வயிற்றை அழுத்தி முட்டையையும் விந்தையும் பீய்ச்சி எடுத்துக் கருவூட்டும்போது பல ஆண்களின் விந்தை ஒரே கிண்ணத்தில் கலக்கக்கூடாது. வீரியமுள்ள ஒன்றே பெரும்பங்கு முட்டையைப் பிடித்துக்கொள்ளும். முட்டையைப் பங்கு பிரித்து, பங்குக்கு ஓர் ஆண் என்று சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

குஞ்சு வழங்கும் பதிவேட்டில் இனம், எண்ணிக்கை, அளவு, தேதி எல்லாம் எழுதுகிறோம். தாய்மீன் எந்த நீர்நிலையில், எந்த ஆண்டு பிடித்தது, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதற்குக் கட்டம் இல்லையென்றால், ஸ்கேல் வைத்து ஓரத்தில் ஒரு கோடு போட்டு எழுதிக்கொள்ளலாம்.