மாமியாரின் பூர்வீகம் தேடி கஷூபியாவில்

என் கணவர் வீட்டார் கனடாவில், ஒன்ராறியோவின் வில்னோ பக்கம். கனடாவில் போலந்துக்காரர்கள் கூட்டமாக முதன்முதலில் குடியேறியது அங்கேதான், 1858இல். வந்தவர்களில் பெரும்பாலோர் வடக்குப் போலந்தின் கஷூபியர்கள், தனி மொழி பேசும் ஓர் இனத்தவர். அன்றைக்குப் போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. 1772 முதல் அந்தப் பகுதி பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் கையில் இருந்தது. மணல் பூமி, விளைச்சல் போதவில்லை, கப்பலேறிவிட்டார்கள்.

இந்த ஜூனில் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனோம். கஷூபியாவில் லிபுஷ் என்ற ஊருக்குப் போகும் வழியெல்லாம் ஏரியும் பைன் காடும்தான். ஊர்ப் பலகைகளில் போலிஷோடு கஷூபிய மொழியும் இருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சே வரவில்லை, சின்ன வயதில் பாட்டி வாயில் மட்டும் கேட்ட மொழி அது. அப்புறம் கல்லறைத் தோட்டத்தில், வில்னோவில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவர்களின் குடும்பப் பெயர்கள் கல்லுக்குக் கல் வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிப் படித்தார்.

விட்ஸிட்ஸே அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள், 1906இல் தொடங்கியது. பழைய மரவீடுகளை அப்படியே பெயர்த்துவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பெண்மணி கஷூபியப் பூவேலை செய்துகொண்டிருந்தார், மொத்தம் ஏழு நிறம், நீலத்திலேயே மூன்று. வழியில் வாங்கிய ஸ்ட்ராபெரி அவ்வளவு இனிப்பு!

பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: போலந்து என்று மட்டும் தெரிந்தால் போதாது, கிராமத்தின் பெயர் வேண்டும், அது இருந்தால்தான் எந்தப் பங்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டுவது என்று தெரியும். பதிவுகள் லத்தீனிலும் ஜெர்மனிலும் இருக்கும். பெல்ப்லின் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் தேடிய அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்து அங்கேதான் போகவேண்டும்.