போட்டோ பேக்கப் நின்றுவிட்டதா? கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் போட்டோஸ் பேக்கப் நின்றுபோனால், பலரும் முதலில் செட்டிங்ஸுக்குள் போய் ‘கிளியர் டேட்டா’வை அழுத்துகிறார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் அக்கவுன்ட்டையே எடுத்துவிட்டு மறுபடி சேர்க்கிறார்கள். தயவுசெய்து இந்த இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் நின்றதால் மட்டும் ஒரு படமும் அழியாது. அவசரத்தில் அழுத்திய பட்டனால் அழியும்.

எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ஆப்பைத் திறந்து பார்த்தால் போதாது. போனில் இருப்பதும் சர்வரில், அதாவது இணையத்தில் உங்கள் கூகுள் அக்கவுன்ட்டில், இருப்பதும் அங்கே கலந்தே தெரியும். வேறொரு கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, அதே ஜிமெயில் ஐடியில் கூகுள் போட்டோஸ் தளத்துக்குள் போங்கள். அங்கே கடைசியாகத் தெரியும் படத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எடுத்தவை உங்கள் போனில் மட்டும்தான் இருக்கின்றன. யூஎஸ்பி கேபிள் போட்டு அவற்றை முதலில் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்துவிடுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. இதை முடித்த பிறகு, கீழே எச்சரித்திருப்பவற்றைத் தவிர, பெரிதாகப் பயமில்லை.

இப்போது காரணத்தைத் தேடலாம். போட்டோஸ் ஆப்பில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டால், பேக்கப் என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு வரி தெரியும். அந்த வரியைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று வந்தால்: இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி போட்டோஸுக்கு மட்டுமானது இல்லை. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1-க்கு முன்பு ‘ஹை குவாலிட்டி’யில் ஏற்றிய படங்கள் இந்தக் கணக்கில் வராது. அதற்குப் பிறகு ஏற்றியவை பெரும்பாலும் எல்லாம் வரும். பலர் கவனிக்காமல் விடுவது வாட்ஸ்அப்பை. முன்பு அதன் பேக்கப் கணக்கில் சேராமல் இருந்தது. 2024-லிருந்து அதுவும் இதே 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் பகுதிக்குப் போய் வீடியோக்களைச் சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். குட் மார்னிங் வீடியோக்களே பல ஜிபி பிடித்திருக்கும். ஜிமெயில், டிரைவ், போட்டோஸில் எதையாவது அழித்தால், அதன் ட்ராஷையும் காலி செய்ய வேண்டும். அதுவரை இடம் திரும்பக் கிடைக்காது.

இடம் பிடிக்கிறதே என்று போட்டோஸ் ஆப்பில் படங்களை டெலீட் செய்யும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பேக்கப் ஆன படத்தை அங்கே அழித்தால் போன், சர்வர், அதே ஐடி உள்ள டேப்லெட் எல்லாவற்றிலிருந்தும் போய்விடும். ட்ராஷில் 60 நாள் இருக்கும். பேக்கப் ஆகாத படம் என்றால் 30 நாள்தான். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்தவற்றை மட்டும் போனிலிருந்து எடுக்கும்.

வைஃபைக்குக் காத்திருப்பதாக வந்தால்: பேக்கப் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவுக்கு ஒரு தினசரி வரம்பு இருக்கும். அது 10 எம்பி என்று இருந்தால், 4 எம்பி அளவுள்ள படங்கள் ஒரு நாளைக்கு இரண்டுதான் போகும். தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவர்கள் வரம்பை எடுத்துவிட்டால், ஒரே ஒரு கல்யாண வீடியோவில் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அதனால் வைஃபை கிடைக்கும் இடத்தில் ஏற்றுவதே நல்லது.

ஒன்றுமே நகராதது போலத் தெரிந்தால், பெரிய வீடியோ ஏதாவது ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட 4கே வீடியோ சுமார் 350 எம்பி வரும். அப்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால் அது ஒன்றே ஏற 23 நிமிடம் ஆகும். ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்கே அப்லோடுதான் கணக்கு. சார்ஜரில் போட்டு, ஆப்பைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள்.

ஆப் திறந்திருக்கும்போது ஏறுகிறது, திரை அணைந்ததும் நின்றுவிடுகிறது என்றால், பேட்டரி சேமிப்பு வசதிதான் ஆப்பைத் தடுக்கிறது. போட்டோஸின் ஆப் இன்ஃபோவில் பேட்டரி பகுதிக்குப் போய் ‘அன்ரிஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் ‘ஆட்டோ ஸ்டார்ட்’ என்று தனியாக ஒரு அனுமதி உண்டு. அதையும் கொடுக்க வேண்டும். டேட்டா சேவர், விபிஎன் இரண்டையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். போனின் தேதியும் நேரமும் தானாக அமையும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்படாது. சிங்க் மொத்தமும் நின்றுவிடும்.

வாட்ஸ்அப் படங்கள் மட்டும் ஏறவில்லையா? அது பழுது இல்லை. கேமரா படங்கள் தவிர மற்ற ஃபோல்டர்களைப் பேக்கப் செட்டிங்ஸில் நீங்களேதான் ஆன் செய்ய வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நகரவில்லை என்றால் முதலில் ‘கிளியர் கேஷ்’ செய்யுங்கள். அதனால் எந்த இழப்பும் இல்லை. ‘கிளியர் டேட்டா’ செய்தாலும் சர்வரில் உள்ள படங்கள் அப்படியே இருக்கும். பேக்கப்பை மறுபடி ஆன் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் படங்களைப் பூட்டி மறைத்து வைக்கும் ‘லாக்டு ஃபோல்டர்’ வசதியைப் பயன்படுத்துபவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் பேக்கப் ஆகாமல் இருப்பவை ‘கிளியர் டேட்டா’விலும் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வதிலும் நிரந்தரமாகப் போய்விடும். ட்ராஷுக்குக்கூட வராது. முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள்.

கான்டாக்ட்ஸிலும் இதே ஆபத்து உண்டு. ‘டிவைஸ்’ என்ற இடத்தில் சேமித்த நம்பர்கள் எந்த அக்கவுன்ட்டுக்கும் போயிருக்காது. ‘கான்டாக்ட்ஸ் ஸ்டோரேஜ்’ என்ற சிஸ்டம் ஆப்பின் டேட்டாவை அழித்தால் அவை மொத்தமாகப் போய்விடும். அதற்கு முன் கான்டாக்ட்ஸ் ஆப்பிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து, அந்த விசிஎஃப் ஃபைலை உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.