விசிட்டிங் கார்டும் கடைசி பெஞ்சும்

ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். ஐஎஸ்டிடி, அதாவது 1970ல் தொடங்கிய நம் நாட்டுப் பயிற்சியாளர் சங்கம், அதன் கூட்டத்துக்கு முதலில் விசிட்டிங் கார்டு கொடுக்கத்தான் போனேன், சொல்ல என்ன வெட்கம். கார்டால் ஒரு வேலையும் வரவில்லை.

அப்புறம் ஒருநாள் டீ குடிக்கும்போது மூத்த பயிற்சியாளர் ஒருவர், “வகுப்பு முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு அங்க போய்ப் பார்த்திருக்கீங்களா சார்?” என்று கேட்டார். இல்லை. பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா என்று பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் கிர்க்பாட்ரிக் 1959லேயே எழுதிய நான்கு படிகளை ஸ்லைடில் போட்டுக் காட்டுகிற நான், கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து வாங்கியதும் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது மாதம் ஒருமுறை நானும் அவரும், ஒருவர் எடுக்கும் வகுப்பில் மற்றவர் கடைசி பெஞ்சில். போன தடவை அவர் எழுதிக் கொடுத்தது: “நீங்க பேசினது 40 நிமிஷம். அவங்க கையில் கருவி இருந்தது 5 நிமிஷம்.”