5 லட்சத்தில் விழுந்த இடைவெளி

இன்று புரட்டிய ஒரு பழைய கோப்பில், ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தது.

2021-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஸ்டார்ட்அப் விதை நிதித் திட்டத்தின் விதி அது. மாதிரி வடிவம் செய்து பார்க்க 20 லட்சம் வரை மானியம். ஆனால் வேறு ஒன்றிய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கக் கூடாது.

தமிழ்நாடு அரசு ஸ்டார்ட்அப்களுக்கு நடத்தும் விதை நிதித் திட்டமான டான்சீடு 10 லட்சம் தருகிறது. சரியாக விளிம்பில் நிற்கும் தொகை. பெண்கள் தலைமையேற்கும் நிறுவனங்களுக்கு 15 லட்சம் வரை.

அங்கேதான் சிக்கல். மாநிலம் தூக்கிவிட நினைத்தவருக்கே டெல்லியின் கதவு சாத்திக்கொள்கிறது!

பரிசுத்தொகை, சலுகை வாடகை இடம், ஆய்வகப் பயன்பாடு இந்தக் கணக்கில் சேராது. பலர் இதையும் சேர்த்துக் கூட்டி, விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று: ஒன்றிய அரசின் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி 2 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. மாநில முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களும் அதில்தான் கழியும்.