சென்னை அடுக்குமாடி வீட்டில் பெப்பரோமியா வளர்த்த அனுபவம்

சென்னையில் வீட்டுக்குள் வைக்கச் செடி வாங்குபவர்களில் பலர் மணி பிளாண்ட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் பூனை இருப்பதாலும், மணி பிளாண்ட் இலையில் உள்ள கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் அதைக் கடிக்கும் பூனையின் வாயைப் புண்ணாக்கும் என்பதாலும், நஞ்சற்ற செடியாகத் தேடியபோது பெப்பரோமியா கண்ணில் பட்டது. "மழைக்காலத்தில் அழுகிவிடும்" என்று எச்சரித்தவர்கள் உண்டு. மூன்று வகைகளோடு தொடங்கி, ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு கத்திரி வெயிலையும் தாண்டிய பிறகு, அந்த எச்சரிக்கையில் பாதி நியாயமானது என்றும், மீதிப் பாதி நாம் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தால் வருவது என்றும் சொல்வேன்.

பெப்பரோமியா, வெற்றிலையும் மிளகும் திப்பிலியும் சேர்ந்த பைப்பரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. பெரு, சிலி நாடுகளில் செடி தேடி அலைந்த ருயிஸ், பாவோன் என்ற இரு ஸ்பானியத் தாவரவியலாளர்கள் 1794-இல் இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் சில இனங்கள் இருக்கின்றன. இந்த ஒட்டி வளரும் இயல்புதான் வளர்ப்பவருக்கு முக்கியம். பாசியும் மக்கிய சருகும் மட்டுமே உள்ள இடத்தில் வேர் ஆழமாகப் போக வழியில்லை; ஆகவே வேர் சிறியது, நீரைச் சேர்த்து வைக்கும் வேலை இலையினுடையது. இலையின் மேல்தோலுக்குக் கீழே நிறமற்ற நீர்த்திசு தனி அடுக்காக அமைந்திருக்கிறது. நான் தண்ணீர், மண், தொட்டி என்று செய்த எல்லா முடிவுகளும் இதிலிருந்து வந்தவையே.

வாங்கியது ஆடி மாதத்தில். தடித்த, வழவழப்பான இலை கொண்ட ஒப்டுசிஃபோலியா, தர்பூசணிப் பெப்பரோமியா எனப்படும் ஆர்ஜிரியா, சுருக்கம் விழுந்த இலையுடைய கேப்பரேட்டா ஆகிய மூன்றும், நர்சரிகளில் வழக்கமாகக் காணப்படுவதுபோல, வெறும் தென்னை நார்க்கழிவில் நடப்பட்டிருந்தன. நிழல்வலைக் கூடாரத்தில் வெப்பமும் காற்றும் ஓயாமல் ஈரத்தை உலர்த்துவதால் அங்கே அது சரிதான். வீட்டு அறைக்குள் அதே நார்க்கழிவு ஒரு முறை நனைந்தால் நாள்கணக்கில் ஊறிக்கிடக்கும். எனவே ஒரு வாரம் இடம் பழகவிட்டு, பழைய கலவையை விரலால் உதிர்த்து எடுத்துவிட்டு மாற்றி நட்டேன்.

கலவையில் நார்க்கழிவு மூன்றில் ஒரு பங்கு. மீதி பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைத் துகள், உமிக்கரி, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் துண்டு, ஒரு பிடி மண்புழு உரம். தோட்டத்துச் செம்மண்ணைச் சேர்க்கவில்லை, அது இறுகிவிடும். தொட்டி, வேர்க்கட்டியைவிட ஒரு விரல் அகலம் மட்டுமே கூடுதலாக இருக்கும் சிறிய சுட்ட மண் தொட்டி. செடி வளரட்டும் என்று பெரிய தொட்டியில் நடுவது நம் வழக்கம். இதற்கு அது ஆகாது, ஏனெனில் வேர் எட்டாத மண்ணில் தங்கும் ஈரத்தைக் குடிக்க யாரும் இல்லை.

கிழக்குப் பார்த்த சன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வைத்தேன். காலை எட்டு மணிக்குள் விழும் வெயில் செடிக்குத் தொல்லை தரவில்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் தெற்குச் சன்னலில் நடுப்பகல் வெயில் உள்ளே வரும். அங்கே சோதனைக்கு வைத்த ஒப்டுசிஃபோலியா தாங்கியது, ஆர்ஜிரியாவின் வெள்ளிக் கோடுகள் வெளிறிப்போயின. ஈரமும் நிழலும் எங்கே நிலைக்கின்றன என்பதை அறிய எனக்கு உதவியது பெலூசிடா என்ற களைச்செடி. அதுவும் பெப்பரோமியாதான், கேரளத்தில் மஷித்தண்டு என்பார்கள், அங்கே பள்ளிப் பிள்ளைகள் சிலேட்டு துடைக்கப் பயன்படுத்தியது. எங்கள் குடியிருப்பில் மோட்டார் அறைச் சுவரோரம் காசு செலவில்லாமல் அது செழித்துக் கிடக்கிறது. ஆனால் அது எப்போதும் ஈரத்தில் நின்று, சில மாதங்களில் விதையிட்டு முடிந்துபோகும் செடி. அதைப் பார்த்து ஒப்டுசிஃபோலியாவுக்குத் தண்ணீர் ஊற்றினால் கெட்டது.

தண்ணீருக்கு நாள் குறிக்கும் முறையை நான் ஏற்கவில்லை. செவ்வாய், வெள்ளி என்று கிழமை வைத்து ஊற்றினால், அனல் காற்று வீசும் வாரத்துக்கும் புயல் மழை பெய்யும் வாரத்துக்கும் ஒரே அளவு போய்ச் சேரும். அதற்குப் பதிலாக முதிர்ந்த ஓர் இலையை இரண்டு விரல்களுக்கு இடையே மெல்ல வளைத்துப் பார்க்கிறேன்: விறைப்பாக நின்று உடைந்துவிடுமோ என்று தோன்றினால் இலையில் நீர் நிறைந்திருக்கிறது; மடிந்து கொடுத்தால் நீர்த்திசு வற்றத் தொடங்கிவிட்டது. கூடவே தொட்டியைத் தூக்கி எடையையும் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றி, கீழ்த்தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுவேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிப்பது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டியதும் மழைநீருக்கும், மழை இல்லாத மாதங்களில் ஏசியிலிருந்து சொட்டும் நீருக்கும் மாறினேன். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றலாம், ஆனால் அதில் உப்பு மேலும் செறிந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் உண்மையான சோதனை வந்தது. தொடர்மழையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்க, ஆர்ஜிரியாவின் இலைகள் தொங்கத் தொடங்கின. பெப்பரோமியாவில் தாகத்தால் வரும் வாட்டமும் வேர் அழுகி வரும் வாட்டமும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும், ஏனெனில் இரண்டிலும் இலைக்கு நீர் போய்ச் சேர்வதில்லை. வாட்டத்தைக் கண்டதும் சொம்பை எடுப்பவர் அழுகும் செடியை அன்றே முடித்துவிடுவார். தாகத்தில் வாடிய செடியின் தொட்டி இலேசாக இருக்கும், இலைக்காம்பின் அடி உறுதியாக இருக்கும், தண்ணீர் ஊற்றினால் மறுநாள் நிமிர்ந்துவிடும். என் தொட்டியோ கனமாக இருந்தது. வெளிப்புறக் காம்புகளின் அடி கண்ணாடிபோல் நீர்கோத்து, தொட்டவுடன் கழன்று வந்தது. செடியைக் கவிழ்த்து, பழுத்த வேர்களையும் நைந்த காம்புகளையும் சுத்தமான கத்தரியால் நீக்கி, ஒரு பகல் காற்றில் உலரவிட்டு, உமிக்கரியும் செங்கல்லும் கூட்டிய புதுக் கலவையில் இன்னும் சிறிய தொட்டியில் நட்டேன். கூரைமின்விசிறி மெதுவாகச் சுழலும் இடத்துக்கு மாற்றிய பிறகு அழுகல் நின்றது. கேப்பரேட்டா அந்த மழையைத் தாண்டவில்லை என்றே சொல்ல வேண்டும். சுருக்கங்களில் தங்கும் ஈரம் அதன் நடுக்குருத்தை நையச் செய்துகொண்டே இருந்ததால், மீந்ததைக் கோத்தகிரியில் இருக்கும் அக்காவிடம் அனுப்பிவைத்தேன். அங்கே, பனிக்காலத்தில் வீட்டுக்குள் வைக்கப்பட்டு, நன்றாக இருக்கிறது. கடலோர ஊரில் முதன்முதலாக வாங்குபவருக்கு அந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபுளோரிடாவிலும் கரீபியன் தீவுகளிலும் இயல்பாக வளரும் ஒப்டுசிஃபோலியாதான் நம் வெக்கைக்குப் பழகியது.

அழுகலில் வெட்டிப்போட்ட ஆர்ஜிரியாவின் நல்ல இலைகளை எறிய மனம் வராமல் இலைப்பதியம் தொடங்கினேன், தை, மாசி மாதங்களில் மறுபடியும் செய்தேன். தாமரை இலையைப் போலவே இதிலும் காம்பு இலையின் விளிம்பில் சேராமல் அடிப்பரப்பின் உட்பகுதியில் சேர்கிறது. நரம்புகள் எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்து விரிகின்றன. இலையைக் கூரிய பிளேடால் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டுவாய் சில மணி நேரம் காய்ந்தபின், ஈரமான நார்க்கழிவும் பெர்லைட்டும் சம அளவில் கலந்த தட்டில் வெட்டுவாய் புதையும்படி நிறுத்தினேன். உணவகத்திலிருந்து வரும் மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பா இதற்குப் போதும். நேர்வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும், நாள்தோறும் மூடியைச் சிறிது நேரம் திறக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சில வாரங்களில் வெட்டப்பட்ட நரம்பு முனைகளில் வேர் விட்டது. அதன் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஒரு நீண்ட இடைவெளி வரும். அப்போது இலையைப் பிடுங்கிப் பார்க்காமல் இருந்தால், வெட்டுவாய் நெடுக நகக்கண் அளவு இலைகளோடு குட்டிகள் கிளம்பும். காம்போடு ஊன்றிய முழு இலையில் ஓரிரு குட்டிகளே வந்தன. வெட்டிய இலையில் அதைவிட அதிகம்.

இந்த முறையை மஞ்சள் ஓரமுள்ள ஒப்டுசிஃபோலியாவுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் இருநிறம், நிறமுள்ள திசுவும் நிறமற்ற திசுவும் தனித்தனி அடுக்குகளாகச் சேர்ந்து வளர்வதால் உண்டாவது. இலையிலிருந்து புதிதாக எழும் குருத்து பெரும்பாலும் ஏதாவது ஓர் அடுக்கிலிருந்து மட்டுமே வருவதால், குட்டி முழுப்பச்சையாகிவிடும். கணுவும் மொட்டும் உள்ள தண்டுத் துண்டை ஊன்றினால் மட்டுமே நிறம் நிலைக்கும். தாய்ச்செடியிலும் முழுப்பச்சையாக ஒரு கிளை வந்தால் உடனே கிள்ளிவிடுகிறேன். அதிகப் பச்சையம் உள்ள கிளை வேகமாக வளர்ந்து மற்றதை மூடிவிடும்.

கத்திரி வெயிலில் ஆர்ஜிரியா வளர்ச்சியை நிறுத்தியது, ஆகவே உரத்தையும் நிறுத்தினேன். மற்ற மாதங்களில் பாட்டிலில் சொன்ன அளவில் கால்பங்கு திரவ உரம் மாதம் ஒரு முறை போதுமானதாக இருக்கிறது. காம்பு இடுக்குகளில் மாவுப்பூச்சி வந்தபோது ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் துடைத்தேன். எலிவால் போன்ற பூக்கதிர்கள் நிமிர்ந்தால் புதுச் செடியில் கிள்ளிவிடுகிறேன், முதிர்ந்த செடியில் விட்டுவிடுகிறேன். மிளகுக் கொடியின் திரியோடு அதற்குள்ள உறவு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.