மூன்று மாதத் தவணை

'ஓ மை கடவுளே' படம் 2020 பெப்ரவரி 14 அன்று வெளிவந்தது. நான் பார்த்தது மார்ச் ஊரடங்கில், மருமகன் கொண்டுவந்த பென் டிரைவில். நீதிமன்றமும் இல்லை, கந்தோரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் எழுதுவினைஞராக இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் வீட்டில் சும்மா இருந்தால் என்ன செய்வான்? படம் பார்த்தாலும் அதில் வழக்கைத்தான் பார்ப்பான்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சின்ன வயதுத் தோழி அனு கேட்கிறாள், அர்ஜுன் பெரிதாக யோசிக்காமல் கட்டிக்கொள்கிறான். வேலை, மாமனாரின் கொமோட் கம்பனியில். கொஞ்ச காலத்தில் இருவரும் விவாகரத்துக்கு நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள். அங்கே கடவுளாக விஜய் சேதுபதி வந்து ஒரு டிக்கெட்டைக் கொடுத்து, வாழ்க்கையைத் திரும்ப ஒருமுறை வாழ விடுகிறார். அசோக் செல்வன் முழிக்கிற முழி எனக்குப் பிடித்தது. இரண்டாம் பாதியில் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள். ஆனால் 'கதைப்போமா' என்று பாட்டு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். சென்னையில் பேசுவார்கள், கதைப்பது நாங்கள்தானே!

எங்கள் சேர் விவாகரத்துக் கேட்டு வருகிற எல்லோரிடமும் முதலில் கேட்பதும் அதைத்தான். "ஒருக்கா இருந்து கதைச்சுப் பாத்தனீங்களோ?" முக்கால்வாசிப் பேர், "கதைக்க என்ன கிடக்கு சேர்?" என்பார்கள். சரி என்று நான் பைல் திறப்பேன்.

படத்தில்போல இருவரும் சேர்ந்து வந்து 'எங்களுக்கு ஒத்துவரவில்லை' என்றால் இங்கே சட்டம் அதை ஒரு காரணமாக எடுக்காது. 1907 ஆம் ஆண்டு விவாகப் பதிவுச் சட்டத்தில் இருப்பது மூன்றே மூன்று: பிறர் தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போனது, மணமான நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. அதனால் மனம் ஒத்துப் பிரிகிறவர்களும் யாராவது ஒருவரைக் குற்றவாளி ஆக்கித்தான் ஆகவேண்டும். அனேகமாக நடுவில் உள்ளதைத்தான் தட்டச்சு செய்வேன். கந்தோருக்கு மோட்டார் சைக்கிளில் ஒன்றாக வந்து இறங்கியவர்களுக்கே 'கைவிட்டுச் சென்றார்' என்று அடித்திருக்கிறேன்.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் டிக்கெட் மாதிரி ஒன்றும் உண்டு. முதலில் வருவது நிபந்தனைத் தீர்ப்பு. மூன்று மாதமாவது போகாமல் அது முடிவான தீர்ப்பு ஆகாது. அதுவரை சட்டப்படி புருஷன் பெண்சாதிதான். ஆனால் அந்தத் தவணையை நினைத்து மனம் மாறியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எல்லோரும் கலண்டரைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு சோடி மட்டும் நினைவில் நிற்கிறது. இரண்டு பேரும் உத்தியோகம். பிள்ளைகள் இல்லை. நிபந்தனைத் தீர்ப்பு வந்து ஒரு மாதம் இருக்கும், அந்தப் பெண் சீதனமாக வந்த தோட்டக்காணியில் ஒரு துண்டை விற்க வந்தாள். உறுதி எழுத நொத்தாரிசும் எங்கள் சேர்தான். தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் பழைய வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்ட பெண் தன் காணியை விற்பதற்கும் புருஷனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது 1911 ஆம் ஆண்டுச் சட்டம்.

"அவரிட்டைப் போய்க் கேக்கவோ, அண்ணை?" என்றாள். முகம் சிவந்துவிட்டது. பிழையென்று எனக்கும் தெரியும், சட்டத்தை நானா எழுதினேன்?

அவன் மறுக்காமல் வந்தான். சேர் நீதிமன்றத்திலிருந்து வரத் தாமதம். வாசல் வாங்கில் ஆளுக்கொரு முனையில் இருந்தார்கள். நான் பிளேன்டீ சொன்னேன். அவளுடையதில் சீனி குறைக்கச் சொல்லி அவன்தான் பெடியனிடம் சொன்னான். அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பம்ப் தண்ணி இழுக்குதில்லை" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. புட் வால்வில் குப்பை அடைத்திருக்கும், குழாயை மேலே தூக்கிக் கழுவவேண்டும், பிறகு தண்ணீர் விட்டு எயார் எடுக்கவேண்டும் என்று அவன் சொல்ல, அவள் விளங்கவில்லை என்றாள். என் மேசையிலிருந்து பேனையை எடுத்து, பிழையாக அடித்து ஒதுக்கி வைத்த உறுதித் தாளின் பின்பக்கத்தில் கிணற்றையும் குழாயையும் கீறிக் காட்டினான். அரை மணித்தியாலம் கதைத்திருப்பார்கள், முழுக்கப் பம்ப் பற்றியே. சேர் வந்ததும் எழுந்தார்கள். அவன் கையெழுத்து வைத்தான், இரண்டு சாட்சியில் ஒன்று நான். தாளை அவள் மடித்துக் கைப்பைக்குள் வைத்ததைக் கண்டேன்.

படமாக இருந்தால் இந்த இடத்தில் பாட்டு வந்திருக்கும். இங்கே மூன்று மாதம் முடிந்தது, தீர்ப்பு முடிவானது, பைலைக் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் போட்டேன்.

மாரி தொடங்கிய நேரம் கந்தோருக்கு ஒரு அழைப்பு. அவள்தான்.

"அண்ணை, மோட்டர் பத்தீட்டுது போல கிடக்கு. அவற்றை நம்பரை நான் அழிச்சுப்போட்டன். உங்கட பைலிலை இருக்குமல்லோ?"

ஏணி எடுத்து வந்து மேல்தட்டைத் தேடினேன்.